ஒரே உத்தரம்

இங்கிலாந்தின் லட்லோ ஊரில் அந்த ஜோடி வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் செங்கல் முகப்பைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள், மேலே விசிறியாக விரிந்த கண்ணாடி, மாடியில் அளவு பிசகாத ஜன்னல்கள். எனக்கு முகப்புகள்மேல் நம்பிக்கை கிடையாது. நாற்பது வருடம் சுவர் தட்டிப் பார்த்த மேஸ்திரி நான்.

இடப்பக்க வீட்டில் குடியிருந்த விட்கோம் அதை ஒரு கடைக்காரருக்கு விற்க இருந்தார். வாங்குகிறவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். வலப்பக்க வீட்டிலேயே பிறந்து எழுபது வயதாகிவிட்ட மிஸ் டாரன்ட் என்னை அழைத்திருந்தார்.

"அது போனா என் வீடு நிக்குமா, மிஸ்டர் ப்ரோசர்? அத மட்டும் சொல்லுங்க."

மாடியில் நடுச்சுவரைத் தட்டினேன். செங்கல் சத்தமே இல்லை. அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு சாண் பூச்சைப் பெயர்த்தேன். உள்ளே மெல்லிய மரப்பட்டிகள், அவ்வளவுதான். உளி அந்தப்பக்கம் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த விட்கோமின் முகம் ஓட்டையில் தெரிந்தது. மேலே, இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓக் மர உத்தரம் ஓடியது.

"பழைய வீடு ஒண்ண ரெண்டாத் தடுத்து முகப்பு ஒட்டியிருக்காங்க. ஒண்ண இடிச்சா ரெண்டும் உக்காந்துரும்" என்றேன்.

மிஸ் டாரன்ட் உத்தரத்தைப் பார்க்கவில்லை. சுவரின் இரண்டு விரல் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க வீட்டுச் சத்தமெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா, மிஸ்டர் விட்கோம்?"

"கேட்டுச்சு."

"அம்மா போனப்ப நான் அழுதது? தலையணைல மூஞ்சிய வச்சுத்தான அழுதேன்!"

"அதுவும்தான்."

"அப்ப ஏன் வரல?"

"நீங்க கூப்பிடலையே, மிஸ் டாரன்ட். கேக்காத மாதிரி இருக்கறதுதான மரியாதை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாசமாய்ப் போன மரியாதை! ஆனால் நான் மட்டும் என்ன ஒழுங்கு? பக்கத்து வீட்டுக்காரர் இறந்ததைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டவன்தானே.

மிஸ் டாரன்ட் விட்கோமிடம் சொன்னார்: "நாலு மணிக்கு டீக்கு வாங்க."

நாலடித்ததும் வாசல் மணி ஒலித்தது. விட்கோம் கோட்டும் டையும் தொப்பியுமாகத் தெருவில் இறங்கி வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே, கையெழுத்திடாத விற்பனைப் பத்திரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"உங்கம்மா போனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன், மிஸ் டாரன்ட்."

பதினொரு வருடம் தாமதம். மிஸ் டாரன்ட் அழுதார். இந்தத் தடவை முகத்தை எதிலும் புதைத்துக்கொள்ளவில்லை.