தேய்த்தால் போகாத கருப்பு

சுரங்கத்துக் கரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். அவர் சட்டையை முதலில் அம்மா துவைத்தாள், பிறகு நான். கல்யாணமாகி மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சிங்காரவேல் கான்ட்ராக்டில் இருந்தார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

கழுத்து, காது மடல், நகக்கண். இந்த மூன்றையும் நான் பார்த்து முடித்தால்தான் அவருக்குச் சோறு. திலகவதியின் வீட்டுக்காரரைப் பார்த்தால் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி இருக்கிறார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

போன மார்கழித் தொடக்கத்தில் அவர் பின்கழுத்தில் ஒரு கருப்பு தெரிந்தது. சரியாகத் தேய்க்கவில்லை என்று திட்டினேன். இரண்டு வாரத்தில் அது காலர் படுகிற இடம் முழுக்கப் பரவியது. தோல் தடித்து வரிவரியாக நின்றது. அக்குளிலும் அதே மாதிரி இருந்தது. சட்டைக்குள் மூடிக் கிடக்கிற இடத்துக்குக் கரி எப்படிப் போகும் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. வியர்வையோடு இறங்கியிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

பொங்கலுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டார். சுரங்கத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கருப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. காணும் பொங்கலன்று நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"திலகா, இது கரி மாதிரி தெரியல. பசியும் முன்ன மாதிரி இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா போய்ட்டு வரட்டுமா?"

"அழுக்குக்கு எந்த டாக்டரு ஊசி போடுவாரு? ஒழுங்கா தேச்சிக் குளிங்க. போய்க் காட்டுனா ஊரே சிரிக்கும்" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவரும் சரி என்று போய்விட்டார். என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷர்.

அதற்கப்புறம் தேய்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குழாயடியில் முக்காலி போட்டு உட்காரவைத்து, முதலில் பீர்க்கங்கூடு, பிறகு தேங்காய் நார். கடைசியில் பித்தளைக் குடத்துக்குப் போடுகிற மாதிரி புளியும் உப்பும். எரியுது என்பார். எரிந்தால்தான் போகும் என்பேன். சட்டை தொளதொளவென்று ஆனது, வெயில் என்றேன். பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார், வேலை செய்கிற இடத்தில் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறீர்களா என்று கேட்டேன். ஒருநாள் அவர் உள்ளங்கையைத் தொட்டபோது ஆட்டுக்குடல் கழுவும்போது தட்டுப்படுகிற மெத்துமெத்தென்ற வரிகள் மாதிரி இருந்தன. மண்வெட்டி பிடிக்கிற கை, காய்ப்பு என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் தேய்த்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தது. அந்தப் புண்ணுக்காகத்தான் தோல் டாக்டரிடம் போனோம். சத்யப்பிரியா என்று பெயர், சின்ன வயசு. புண்ணை ஒருதரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரிக்கச் சொல்லி விளக்குக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

இது அழுக்கு இல்லை, தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கத்தான் செய்யும் என்றார். நிறையப் பேருக்கு உடம்பு பருத்து, சர்க்கரை ஏறுகிற நேரத்தில் கழுத்து இப்படிக் கருக்குமாம். எடையைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கருப்பும் மெல்லக் குறையும், பூசிக்கொள்ளக் களிம்பும் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. சர்க்கரை தெருவில் யாருக்குத்தான் இல்லை. ஆனால் அவர் பேசி முடிக்கவில்லை. இவர் பருக்கவில்லை, பத்துக் கிலோ இளைத்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரையும் இல்லை. கருப்பு வேகமாக வந்திருக்கிறது, உள்ளங்கையும் தடித்திருக்கிறது. உள்ளே வேறு ஏதோ இருந்துகொண்டு தோலில் காட்டுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, உடனே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று புதுச்சேரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரைப்பையில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டது. புதுச்சேரியில் பெரிய டாக்டர் படத்தைக் காட்டி, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். கழுத்துக் கருப்பை முதலில் எப்போது பார்த்தீர்கள், அப்போதே ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று அவர் கேட்டார். கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் வந்தது. என் வாயில் பதில் இருந்தது.

அதற்குள் இவர் சொன்னார்: "மார்கழியிலேயே பாத்தங்க. இவ போங்க போங்கன்னு சொல்லிக்கினேதான் இருந்தா. நாந்தான் கேக்கல."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கப்புறம் நீ இந்த ஊர்லதான இருக்கணும். உன்ன ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்தும் எல்லோரிடமும் அதையே சொன்னார். பார்க்க வந்த தன் அண்ணனிடம் சொன்னார், கூட வேலை செய்தவர்களிடம் சொன்னார். பதினோராவது படிக்கிற எங்கள் மகள் ஹரிணியிடமும் சொன்னார். ஆடி பிறந்து எட்டாம் நாள் போய்விட்டார். கருமாதிக்கு வந்தவர்கள், பெண்டாட்டி அத்தனை சொல்லியும் கேட்காத மனுஷன் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சாம்பார் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர் பேசிவிட்டு மறந்துவிடும். ஹரிணிதான் மறக்கமாட்டேன் என்கிறாள். அப்பா மாதிரி வருமா என்று அவர் தோளில் தொங்கிக்கொண்டு திரிந்த பெண். இப்போது அவர் படத்துக்குப் பூ வைக்கச் சொன்னால் எழுந்து வெளியே போகிறாள். போன வாரம் வற்புறுத்தினேன்.

"நம்ம ரெண்டு பேருக்காகவாவது ஒரு தடவ போய்க் காட்டியிருக்கலாம்லமா. நீ அவ்ளோ சொல்லியும் கேக்கல. அவருக்கு நாம ஒரு பொருட்டே இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு என் மடியில் தலை வைத்து அழுதாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவள் அப்பா திரும்பக் கிடைத்துவிடுவார். எனக்குத் தெரியும். அப்புறம் இந்த மடிக்கு அவள் வரமாட்டாள் என்பதும் தெரியும்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "ஆமாம்மா, அவரு கேக்கல" என்றேன்.