இரண்டாம் குரல்

பிரதிபாவுக்கு அறுபத்தேழு வயதானபோது பெங்களூரில் ஒரு சிறிய இசை நிறுவனம் அவளிடம் ஓர் ஆல்பம் கேட்டது. எழுபதுகளில் ரேடியோவில் ஓயாமல் ஒலித்த ஆங்கிலப் பாடல்கள் பத்து. கிட்டார் அலறாமல், டிரம்ஸ் அடங்கி ஒலிக்க, காதலையும் பிரிவையும் மெல்லச் சொல்லும் சாஃப்ட் ராக் பாடல்கள். அவற்றை அவள் குரலில் புதிதாகப் பதிவு செய்ய நினைத்தார்கள். பிரதிபா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். இரண்டாம் குரலைத் தன் தங்கை சுஷ்மாதான் பாட வேண்டும்.

அக்காவும் தங்கையும் அந்தப் பாடல்களைக் கற்றது மைசூர் யாதவகிரி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா சுப்ரமணியன் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் சவரம் செய்துகொண்டு இலங்கை வானொலி கேட்பார். பெண்கள் இருவரும் கூடவே பாடுவார்கள். பிரதிபா மெட்டைப் பிடித்துக்கொள்வாள். சுஷ்மா யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்கு இரண்டு சுரம் கீழே இறங்கி, அக்காவின் குரலை ஒட்டியபடி வருவாள். கல்லூரி நாட்களில் ‘யாதவகிரி சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் பாடினார்கள். எது யார் குரல் என்று பெற்றவர்களுக்கே பிடிபடாது.

எண்பத்து நான்கில் சுஷ்மாவுக்கும் பரத்வாஜுக்கும் கல்யாணம் நடந்தது. அவர் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர், நல்ல மனிதர். பாடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாதவ் பிறந்தான், மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஏதோ ஒரு காரணம் வந்து, ஒருநாள் காரணம் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. பிரதிபா பெங்களூருக்குப் போனாள். விளம்பரப் பாடல்கள், தொண்ணூறுகளில் பாப் கேசட்டுகள், பிறகு தொலைக்காட்சி என்று அவளுக்கு ஒரு பெயர் வந்தது. மைசூரில் சுஷ்மா சமையலறையில் பாடினாள்.

ஏழு வருடங்களுக்கு முன் சுஷ்மாவின் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்றை எடுத்தார்கள். புற்று இல்லை என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் குரல் நாணுக்குப் போகும் ஒரு நரம்பு தளர்ந்துவிட்டது. அப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதன்பிறகு அவள் பேசும்போது குரலோடு காற்றும் வந்தது. பாடினால் நடுவில் அறுந்தது.

இதெல்லாம் பிரதிபாவுக்குத் தெரியும். தெரிந்தும்தான் கேட்டாள்.

“பேடா, வேண்டாம் அக்கா,” என்றாள் சுஷ்மா. “இந்தத் தொண்டையை வெச்சுண்டு நான் என்ன பாடறது?”

“நீ இல்லாம இந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பாதிதான் தெரியும் கணே,” என்றாள் பிரதிபா, ‘அடி’ என்பதைக் கன்னடத்தில் ஒட்டி. அது பொய்யில்லை.

சுஷ்மா ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தாள். அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைப் பரத்வாஜ்தான் ஃபோனில் சொல்வார். பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி ஒருத்தியிடம் வாரம் இரண்டு முறை போனாளாம். காலையில் எழுந்ததும் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழ் வர வர ஊதிக்கொண்டே சுரம் பிடிப்பாளாம். தயிரை விட்டாள், காப்பியை விட்டாள். மூன்று மாதம் இப்படிப் போனது. மைசூர் சரஸ்வதிபுரத்தில் தங்கள் வீட்டில் அந்தக் குமிழ்ச் சத்தம் கேட்டுத்தான் தனக்கு விடிகிறது என்று சிரித்தார் பரத்வாஜ்.

பதிவு மைசூரின் கோகுலம் பகுதியில், ஒரு வீட்டின் மாடியிலிருந்த ஸ்டுடியோவில் நடந்தது. சுஷ்மாவுக்கு அலைச்சல் கூடாது என்று அவள் ஊரிலேயே ஏற்பாடு செய்தாள் பிரதிபா. ஆல்பத்துக்குப் பொறுப்பானவர் சந்தோஷ்குமார். ஐம்பதை நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். சுஷ்மா தனியாக இரண்டு நாள் பாடினாள். நீல நிற மைசூர் சில்க் உடுத்திக்கொண்டு வந்தாள், ஏதோ மேடையேறப் போகிறவள் போல. முடித்துக் கீழே இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் பிரதிபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “எட்டாவது பாட்டு நன்னா வந்ததுக்கா,” என்றாள்.

ஒரு வாரம் கழித்துச் சந்தோஷ்குமார் அழைத்தார். சுஷ்மா பாடியதில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்றார். கம்ப்யூட்டரில் சுருதியைச் சரிசெய்யலாம், இல்லாத குரலை எங்கிருந்து கொண்டுவருவது என்றார். இரண்டாம் குரல் இல்லாமலே விட்டுவிடலாம், அல்லது வேறு யாரையாவது பாடவைக்கலாம். பிரதிபா, தானே பாடித் தருவதாகச் சொன்னாள்.

ஒரே பகலில் பத்துப் பாட்டுக்கும் பாடி முடித்துவிட்டாள். சுஷ்மாவைப் போலப் பாட அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வரியின் முடிவில் ஒரு நூலிழை தாமதமாக வந்து சேர்வது, உயரம் போகாமல் அடக்கி நிற்பது எல்லாம் அவளுக்குள்ளேயே இருந்தது. ஹெட்ஃபோனில் கேட்டபோது இருபது வயதுத் தங்கை பக்கத்தில் நிற்பது போலிருந்தது. அழுகை வந்தது. உறையில் யார் பெயர் போடுவது என்று சந்தோஷ்குமார் கேட்டார். சுஷ்மா பெயரே இருக்கட்டும், நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

அதற்காக மூன்று முறை மைசூர் போனாள். மூன்று முறையும் சுஷ்மா வாசலிலேயே ஆல்பம் எப்போது வரும் என்று கேட்டாள். பிரதிபா சொல்லாமல் திரும்பினாள்.

ஆல்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியானது. சரஸ்வதிபுரம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாதவ் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. அம்மா மேடைப் பாடகியாக இருந்ததைப் பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறான், ஒரு பதிவுகூட வீட்டில் இல்லை. அவன் ஃபோனிலிருந்து ஸ்பீக்கருக்கு முதல் பாட்டைப் போட்டான்.

பிரதிபா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டில் அது மலர்ந்தது. இரண்டாவதில் புருவம் லேசாகச் சுருங்கியது. மூன்றாவது பாட்டின் நடுவில் சுஷ்மா தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பை மடியில் நீவிவிட ஆரம்பித்தாள். கடைசிவரை நிமிரவில்லை.

பாட்டு நின்றதும் மாதவ் எழுந்து வந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாதேம்மா,” என்றான். பரத்வாஜ் மனைவியின் தோளில் கை வைத்தார்.

சுஷ்மா மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். “எல்லாம் பெரியம்மாவாலதான்,” என்றாள்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அக்காவும் தங்கையும் தனியாக இருந்தார்கள். சுஷ்மா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.

“மொதல்ல மெஷின்ல சரிபண்ணிட்டான்னு நெனச்சேன்,” என்றாள். “சந்தோஷமாத்தான் இருந்தது. மூணாவது பாட்டுல, நான் மூச்சு எடுக்கற எடத்துல அந்தக் குரல் எடுக்கலை. உனக்கு மூச்சு எப்பவுமே ஜாஸ்தி.”

பிரதிபா சொல்ல வந்ததையெல்லாம் சொன்னாள். மூன்று முறை சொல்ல வந்தது, முடியாமல் போனது, பயந்தது. சுஷ்மா அடுத்த துணியை உதறியபடியே கேட்டாள்.

“சரி, நீ யாருகிட்டயும் சொல்லாதே,” என்றாள் கடைசியில். “மாதவ் அழுதான், பாத்தியோல்யோ. அவனுக்கு அப்படியே இருக்கட்டும். எனக்கு இதை ஒண்ணு மட்டும் பண்ணு.”

பிரதிபா சத்தியம் செய்து கொடுத்தாள்.

ஆல்பம் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. நாற்பது வருடம் கழித்துச் சேர்ந்து பாடிய சகோதரிகள் என்று பத்திரிகைகள் எழுதின. மாதவ் தன் ஃபோன் அழைப்பு மணியாக எட்டாவது பாட்டை வைத்துக்கொண்டான். பரத்வாஜ் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் தன்னோடு நடக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அவர்கள் மனைவிமாரோடு வீட்டுக்கு வந்து சுஷ்மாவுக்கு சால்வை போர்த்தினார்கள். குரல் போய்விட்டது என்று சொன்னார்களே, இது எப்படி என்று ஒரு பெண்மணி கேட்டாளாம். பயிற்சி என்று சுஷ்மா பதில் சொன்னாளாம். இதைப் பரத்வாஜ் பெருமையாகத்தான் சொன்னார்.

தங்கை ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே, தன்னால்தானே என்று நினைத்து நினைத்துப் பிரதிபாவுக்குத் தூக்கம் கெட்டது. பேட்டிகளில் சுஷ்மாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினாள். ஐந்தாவது மாதம் மைசூரில் ஒரு சங்கத்தார் ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சுஷ்மா குடும்பத்தோடு முதல் வரிசையில் இருந்தாள். தொண்டைக்கு ஓய்வு தேவை, மேடையில் பாட மாட்டாள் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது.

பிரதிபா நான்கு பாட்டு தனியாகப் பாடினாள். பிறகு விழாத் தலைவர் இரண்டு சகோதரிகளின் குரல் ஒற்றுமையைப் புகழ்ந்து கன்னடத்தில் நீளமாகப் பேசினார். அரங்கு எழுந்து நின்று முதல் வரிசையைப் பார்த்துக் கைதட்டியது. சுஷ்மா எழுந்து கைகூப்பினாள். அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்ததும் பிரதிபாவால் தாங்க முடியவில்லை. மைக்கைக் கையில் எடுத்தாள்.

ஆல்பத்தில் கேட்கும் இரண்டாம் குரலும் தன்னுடையதுதான் என்றாள். தங்கை மூன்று மாதம் உழைத்துப் பாடிக்கொடுத்ததைத் தான் விட்டுவிட்டதாகவும், அவளுக்குத் தெரியாமல் தானே பாடிவிட்டதாகவும், குற்றம் முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அரங்கு முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

முதல் வரிசையில் மாதவ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சுஷ்மா நேராக மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். கூப்பிய கைகளை மெதுவாக இறக்கி, உட்கார்ந்தாள்.

வெளியே சுஷ்மா காருக்குக் காத்திருந்தபோது பிரதிபா ஓடிவந்தாள். பரத்வாஜும் மாதவும் சற்று விலகி நின்றார்கள்.

“அந்த பாரத்தை உன்னால தூக்க முடியலை. எறக்கி வெச்சுட்டே,” என்றாள் சுஷ்மா. அந்தக் காற்றுக் குரலில் கோபம்கூட முழுதாக வரவில்லை. “எங்க எறக்கி வெச்சே, பாத்தியா அக்கா? அஞ்சு மாசமா எல்லார்கிட்டயும் ஆமாம் ஆமாம்னவ நான். என் பிள்ளை இனிமே என்னை எப்படிப் பார்ப்பான்?”

மாதவ் ஒன்றும் தப்பாகப் பார்க்கவில்லை. பரவாயில்லைம்மா என்று சொன்னான், மிகவும் மென்மையாக. ஊருக்குத் திரும்பிப் போனதும் அழைப்பு மணியை மாற்றிவிட்டான். பரத்வாஜ் ஏரிக்கரையில் வேறு பாதையில் நடக்கத் தொடங்கினார். யாரும் சுஷ்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் ஆல்பத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. சந்தோஷ்குமார் இணையத்தில் பெயர்களைத் திருத்தினார். அச்சான உறைகளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏழெட்டு மாதம் சுஷ்மா அக்காவிடம் பேசவில்லை. பிரதிபா அழைத்தால் பரத்வாஜ் எடுத்து, அவள் குளிக்கிறாள், அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் பிரதிபாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. தனியாக இருப்பவள், மருந்து விட ஆள் வேண்டும். அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மைசூர் ரயிலில் ஒரு சின்னப் பெட்டியோடு சுஷ்மா வந்து இறங்கினாள். மாதவ் சொல்லித் தெரியும் என்றாள். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று பிரதிபா கேட்கவில்லை.

பத்து நாள் இருந்தாள். ரசம் வைத்தாள், பீர்க்கங்காய்த் துவையல் அரைத்தாள், கேஸ் அடுப்பு பர்னரைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு மணிக்கொரு தரம் கட்டிலருகே வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். யாதவகிரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களைப் பற்றி, மாதவின் மகள் பள்ளியைப் பற்றி எல்லாம் பேசினாள். வேலை செய்யும்போது முணுமுணுப்பது அவள் சின்ன வயதிலிருந்து மாறாத பழக்கம். தன் கழுத்து அறுவைக்குப் பிறகும்கூட அதை விடவில்லை. இந்தப் பத்து நாளில் சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது.

கடைசி நாள் மத்தியானம் மருந்து விட வந்தபோது பிரதிபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு தடவை என்னைத் திட்டிடு கணே.”

சுஷ்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அக்காவின் கீழிமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு விட்டாள்.

“கண்ணை மூடிக்கோ,” என்றாள். “அஞ்சு நிமிஷம் தெறக்காதே.”

பிரதிபா மூடிக்கொண்டாள். தங்கை கட்டிலோரத்தில் உட்கார்ந்திருப்பது மெத்தையின் பள்ளத்தில் தெரிந்தது. ஐந்து நிமிடமும் அவள் எழுந்து போகவில்லை, பேசவும் இல்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, நான்கு மணி ரயிலைப் பிடிக்கக் கிளம்பினாள்.