சர்வேயரின் பதினோரு விநாடிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, கல்யாணப் படத்தைத் தயார் செய்த மருமகள், கல்யாணமாகி நாற்பது நாளான மகளும் மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, சம்பந்தியின் தம்பி. இந்தத் தம்பிக்கு உறவுக்குள் வானொலி என்று பெயர். சர்வேயரின் மகன் வெளியூரில் வேலையாக இருந்தான். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, அவரும் வரவில்லை. ஆகவே அன்று நடந்ததைப் பற்றி அவர் எது சொன்னாலும் அது கேள்விப்பட்டதே தவிர, கண்டதல்ல.

எல்லோரையும் அழைத்தவர் சர்வேயர். கல்யாண வரவேற்பில் மேடையேறிப் பேசியவர், நடுவில் பதினோரு விநாடிகள் வாயடைத்து நின்றுவிட்டார். "பாவம், பேச்சே மறந்துபோச்சு அவருக்கு" என்று வானொலி அன்றைக்கே சாப்பாட்டு மேசை மேசையாக ஒலிபரப்பிவிட்டார். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவர், நானூறு புல எண்களை இன்றைக்கும் வரிசை பிசகாமல் சொல்லக்கூடியவர், அவருக்கா மறதி? அது மறதியல்ல, கம்பீரமான நிறுத்தம் என்பதைப் படத்தைப் போட்டே காட்டிவிடுவது என்று அவர் முடிவு கட்டினார். நிறுத்தத்தின் உண்மைக் காரணம் அவருக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் மட்டுமே தெரியும்.

மருமகளுக்கு வீடியோ எடிட்டிங்தான் உத்தியோகம். கேமராக்காரர் கொடுத்த மூலப்படம் அறுபத்திரண்டு ஜிபி. அதை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பிப் பார்த்தபோது, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் நின்று, சர்வேயரின் மூக்கின்மேல் ஒரு வட்டம் சுற்றியது.

"டிவி திணறுது மாமா. சுருக்கித்தான் ஆகணும். எட்டு ஜிபிக்குக் கொண்டுவந்துடலாம்."

"அப்ப மீதி ஐம்பத்து நாலை யாரு ஆக்கிரமிச்சா?"

"யாரும் இல்ல மாமா. கண்ணுக்குத் தெரியாததைத்தான் எடுக்கறோம்."

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் ஒவ்வொரு அடியா வேலியை நகர்த்துவான். நம்ம குடும்பத்துல யாரையும் சுருக்க வேண்டாம்."

"எச்டிஆர் அப்படியே இருக்கும். வெளிச்சம் வெளிச்சமா இருக்கும், கருப்பு கருப்பா இருக்கும். ஒரு பட்டுநூல்கூட மங்காது. என்னை நம்புங்க."

கருப்பு கருப்பாக இருக்கும் என்ற வார்த்தையை அவர் அப்போது ஊன்றிக் கேட்கவில்லை.

கணினி ஒரு பகல் முழுக்க விசிறி இரைய உழைத்தது. முடிந்ததும் மருமகள் சரிபார்த்தாள். பிறகு கதவோரம் வந்து நின்று, "மாமா, தனியா கொஞ்சம் வரீங்களா?" என்றாள்.

திரையில் அவர் முகம் அண்மையில் நிறைந்திருந்தது. மேடை விளக்கின் சூட்டில், நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு கருங்கோடு கிளம்பிக் கன்னத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி, கருந்திராட்சை போல மினுங்கியது. அவ்வளவு துல்லியம். சர்வேயரே அளந்திருந்தாலும் அப்படிக் கோடு போட்டிருக்க முடியாது.

எங்கள் பரம்பரையில் நரையே கிடையாது என்று சம்பந்தம் பேசும்போதே சொன்னவர் அவர். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் ஒரு மணி நேரம் குளிப்பார். பதினெட்டு வருஷமாக மனைவி அந்தக் கதவைத் தட்டியதில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "அம்மாடி, இதை இன்னும் கொஞ்சம் சுருக்க முடியுமா?"

"எவ்வளவு மாமா?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"எச்டிஆரையும் எடுத்துடவா? முகம் பிசைஞ்ச மாவு மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும்."

அந்த மாவுதான் ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. மணமக்கள் கட்டம் கட்டமாக நடந்து வந்தார்கள். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"என்ன சம்பந்தி, பட்டன் செல்லுல எடுத்தீங்களா?" என்றார் வானொலி. "இதுல மாப்பிள்ளை யாரு, பூச்செண்டு யாரு?"

"சும்மா இருங்க சித்தப்பா" என்றான் மாப்பிள்ளை.

பேச்சு வந்தது. நிறுத்தம் வந்தது. மாவு முகம் அசையாமல் நின்றது.

"இதோ! இங்கதான் மறந்தாரு!" வானொலி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

அதைக்கூடச் சர்வேயர் தாங்கியிருப்பார். ஆனால் நல்ல மனுஷரான சம்பந்தி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடுங்க சம்பந்தி. வயசானா மறதி சகஜம். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

சர்வேயரின் முதுகு நிமிர்ந்தது. இரக்கப்படும் அளவுக்கு இந்தக் குடும்பம் இறங்கிவிடவில்லை.

"அம்மாடி, நல்ல படத்தைப் போடு."

"மாமா..."

"போடுன்னு சொன்னேன்ல."

எட்டு ஜிபி ஓடியது. பட்டு பட்டாக இருந்தது, விளக்கு விளக்காக இருந்தது, கருப்பு கருப்பாக வழிந்தது.

"தலையை அசைச்சா சட்டையில விழும்" என்றார் சர்வேயர், திரையைப் பார்த்தபடியே. "நீங்க எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை சம்பந்தி. உங்க வீட்டு மரியாதை. அதான் அசையாம நின்னேன்."

திரையில் இருந்தவர் இருமுவதுபோலத் திரும்பி, உள்ளங்கையால் கன்னத்தைத் துடைத்து, கறைபட்ட கையைச் சட்டையில் படவிடாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சர்வேயர் ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினார். மிச்சப் பேச்சை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். திரையில் உதடு அசைய அசைய, ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை.

முடிந்ததும் முதலில் பேசியது அவர் மனைவி. "இந்தப் பதினெட்டு வருஷமா நான் அந்தத் துண்டைத் தனியாத்தானே துவைக்கறேன். யாருக்குத் தெரியாதாம்?"

சம்பந்தியின் கை தன்னையறியாமல் தன் நெற்றிப்பொட்டைத் தடவியது. அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "வியர்வைக்கு நிக்கற மாதிரி ஒண்ணு இருக்கு சம்பந்தி. நாளைக்கு அனுப்பி வைக்கறேன்."

வானொலிக்கு அன்று ஒலிபரப்பு இரட்டைத் தலைப்பாகிவிட்டது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் காபியை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

வரவேற்பில் சர்வேயர் பேச்சை மறந்துவிட்டார் என்று சம்பந்தியம்மா இன்னமும் சொல்வதாகக் கேள்வி. தவறு. பேச்சு முழுவதும் அவருக்கு மனப்பாடம். தலைச்சாயம் வழிந்தது, அதனால் நின்றார்.