இரண்டு ஜாண் தள்ளி நின்ற ராஜாக்கள்

“இன்னிக்கா? இன்னாடி சொல்ற! ஆறாந்தேதிதான ராஜாங்க வருவாங்க?”

“அது உன் காலண்டர்ல. சர்ச்சுல இன்னிக்கே வந்துட்டாங்க. பூசைக்கு வராம தூங்கிகினு இருந்தா எப்டித் தெரியும்?”

வர்ஷா தலையில் போட்ட துப்பட்டாவைக்கூட எடுக்காமல் அண்ணன் அமல்ராஜிடம் ஒரு சாக்பீஸை நீட்டினாள். பாலன் இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்த திருநாளுக்காகக் கோயிலில் வீட்டுக்கு ஒன்றாக மந்திரித்துக் கொடுத்தது. “பதினோரு மணிக்கு ஃபாதர் குடில் பார்க்க வராரு. மேனாம்பேட்டுல நம்ம ஊடுதான் மொதல்ல.”

அமல்ராஜ் ஹாலில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலிடம் ஓடினான். போன வருடம் அவன் செய்த சுழலும் நட்சத்திரம், ஃபாதர் உள்ளே வந்த நொடியில் புகைந்து ஃபியூஸைப் போக்கியது. “எலக்ட்ரீசியன் ஐயா” என்று அன்பியத்தில், அதாவது தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் குழுவில், இன்னும் கிண்டல் செய்கிறார்கள். அந்தப் பேரைத் துடைக்கத்தான் இந்த வருடம் ஹால் சுவரோரம் குடில்வரை பலகைத் தண்டவாளம் போட்டு, மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் மோட்டாரில் நகரவிட்டிருந்தான். கிறிஸ்துமஸ் அன்று சமையலறை வாசலில் கிளம்பியவர்கள், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஜாண் நகர்ந்து, ஆறாம் தேதி பாலன் இயேசுவின் முன் நிற்க வேண்டும்.

இன்று நாலு. ராஜாக்கள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இன்னும் இரண்டு ஜாண்.

“கையால தள்ளுடா,” என்றாள் அம்மா.

“தள்னா கியர் பல்லு ஒடஞ்சிடும்மா. புரோகிராம மாத்தலாம்னா லேப்டாப்பு நான் வேல பாக்கற பட்டறையில கீது. ஞாயித்துக்கெழமை பட்டறை பூட்டு!”

சத்தம் கேட்டு எதிர்வீட்டு லோகேஷ் பல் குச்சியோடு எட்டிப் பார்த்தான். “இன்னா மாமே, காலங்காத்தால கச்சேரி?”

வர்ஷா விஷயத்தைச் சொன்னாள். ஆறாம் தேதி வேலைநாளில் வந்தால் யாரும் பூசைக்கு வர முடியாது. அதனால் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுகிறார்கள். போன வருடம் அஞ்சு, அதற்கு முந்தின வருடம் ஏழு, இந்த வருடம் நாலு.

லோகேஷ் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். “பண்டிகையவே ஜனங்களாண்ட நவுத்திகினு வந்துட்டாங்க. நீ குடில நவுத்த மாட்டியா மச்சான்?”

அமல்ராஜ் குடில் மேஜையைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி பறந்தான். “அம்மா, அந்தப் பக்கம் புடி! வர்ஷா, மாதாவ புடி! லோகேஷ், கேவுரு நாத்து தட்டு, கொட்டிடாத!”

களிமண் மலை, வைக்கோல் கொட்டகை, ஆடு மாடு, மாதாவின் கணவர் சூசையப்பர் எல்லாம் மேஜையோடு அந்தரத்தில் ஆடின. லோகேஷ் ஒரு கையில், குடிலுக்குப் புல்லாக முளைக்கவைத்த நாற்றுத் தட்டையும் மறு கையில் பாலன் இயேசுவையும் அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். இரண்டு ஜாண்! மேஜை தரையைத் தொட்டபோது ஒட்டகத்தின் மூக்கு சரியாகப் பாலனின் தொட்டில் விளிம்பில் நின்றது. லோகேஷ் பாலனை அதில் படுக்கவைத்தான்.

பதினோரு மணிக்கு ஃபாதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். “அட, ராஜாங்க கரெக்டா வந்துட்டாங்களே!”

புகை இல்லை. ஃபியூஸ் போகவில்லை. கூட வந்த அன்பியத் தலைவர் உலகநாதன் மோட்டாரைக் குனிந்து பார்த்து, “எலக்ட்ரீசியன் ஐயா, எங்கூட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடு,” என்றார். இந்த முறை அதில் கிண்டலே இல்லை. அமல்ராஜ் நாற்காலியில் ஏறி நிலைப்படியின் மேல் சாக்பீஸால் எழுதினான்: 20+C+M+B+26. வருடத்துக்கு நடுவில் மூன்று ராஜாக்களின் பெயரெழுத்து.

வந்தவர்கள் போன பிறகுதான் வர்ஷா கேட்டாள். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மோட்டாரு ஓடுமே. ஒட்டகம் சூசையப்பர இடிச்சித் தள்ளிடாது?”

“ஒயரப் புடுங்கு. பண்டிகைதான் முடிஞ்சிடுச்சே,” என்றான் லோகேஷ்.

“புடுங்காதடா. குடில பழைய எடத்துக்கே நவுத்து. செவ்வாக்கெழமை ஆறாந்தேதி இன்னொரு தபா வரட்டும்,” என்றாள் அம்மா.

அமல்ராஜ் ஒரு கையை ஒயரிலும் மறு கையை மேஜையிலும் வைத்தபடி நிற்கிறான். நீங்களாக இருந்தால் எதைச் செய்வீர்கள், சொல்லுங்களேன்?