மேலே கறுப்பு, கீழே சிவப்பு

"கதவைச் சாத்துடி, தூசி வரது."

"சாத்தித்தான்னா இருக்கு."

"அப்ப ஜன்னல்."

"அதுவும் சாத்தியாச்சு. மூச்சு விடலாமா, அதையும் நிறுத்திக்கணுமா?"

பத்ரிநாத் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் கூடவே கையும் எழும்பும் என்று ஸ்வர்ணாவுக்குத் தெரியும். பிரஷ் நுனி நகர்ந்துகொண்டிருந்த தைரியத்தில்தான் அவள் அவ்வளவாவது பேசினாள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க அவன் செய்துகொண்டிருந்த விமானம்தான். அவன் அப்பா காலத்து ரேஸ் விமானமாம், சீமையில் பந்தயத்தில் பறந்ததாம். பழைய பத்திரிகையில் வந்த ஒரு படத்தை எதிரே வைத்துக்கொண்டு பால்ஸா என்கிற லேசான மரக்கட்டையைச் செதுக்கினான், பட்டி பூசினான், உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைக் கன்னம் மாதிரி ஆக்கினான். படம் கறுப்பு வெள்ளைதான். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு என்று அதன் கீழே அச்சடித்திருந்தது. அந்தக் கைக்கு இத்தனை பொறுமை உண்டா என்று ஸ்வர்ணா பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்தக் கையின் மற்றச் சமாசாரமெல்லாம் அவள் முதுகுக்குத் தெரியும்.

பின்கட்டுக் கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டு ஜானகி.

"ஸ்வர்ணாரீ, பாகிலு தெகிரி! கதவைத் திறங்க!" பாதி கன்னடம், பாதி தமிழ், அதுதான் ஜானகி. "மெயின் ரோட்ல தமிழ்நாட்டு நம்பர் லாரிக்கு நெருப்பு வெச்சுட்டாங்க. காவேரி, காவேரின்னு கத்திக்கிட்டு வராங்க. ஈஜிபுரா சந்து சந்தா பூந்து, தமிழ் வீடு எதுன்னு கேக்கறாங்க."

"ஐயையோ, இங்கயுமா?"

"இங்கதான். உங்க காலண்டரைக் கழட்டுங்க. தமிழ்ப் புஸ்தகம் இருந்தா அரிசி டிரம்முல போடுங்க. இந்தக் கன்னடக் கொடியை கேட்ல கட்டுங்க." மஞ்சளில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக ரெண்டு ரவிக்கைத் துண்டுகளை ஓட்டுத் தையல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "எங்க ஊட்டுக்காரர் ஊர்ல இல்லை. இல்லேன்னா அவரையே நிக்க வெச்சிருப்பேன்."

ஸ்வர்ணா கொடியை கேட்டில் கட்டினாள், காலண்டரைக் கழற்றினாள், புத்தகங்களை அரிசிக்குள் புதைத்தாள். திரும்பி வந்து மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. ஒரு கம்பில் சொருகினால் அப்படியே தமிழ்நாட்டுக் கட்சிக் கொடி.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் உள்ளே வைங்கோளேன்."

"ஈரமா இருக்கு. காயற வரைக்கும் அசைக்கப்படாது."

"கலரைப் பாத்தேளா? கட்சிக் கொடிங்கப் போறான்."

பத்ரிநாத் சிரித்தான். "நெத்தியில நாமம், பேரு பத்ரிநாத். என்னைப் போய்க் கட்சிக்காரன்னு எவண்டி சொல்லுவான்? எங்கப்பா மைசூர் சர்க்கார்ல உத்தியோகம் பாத்தவர்."

"வரவனுக்கு நாமமும் தெரியாது, உங்கப்பாவையும் தெரியாது. கலர்தான் தெரியும். ஒரு போர்வையாவது..."

"போர்வையா! பஞ்சு ஒட்டிக்கும், முண்டம்."

அவன் பிரஷ் கழுவக் குழாயடிக்குப் போனான். அந்த இடைவெளியில் ஸ்வர்ணா விமானத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். பரண் வரைக்கும் போனால் போதும். போகவில்லை. இடது இறக்கைக் கறுப்பில் அவள் கட்டைவிரல் அழுந்திய நேரத்தில் பின்னாலிருந்து தலைமயிர் இறுகியது.

"வைடி அதை!"

வைத்தாள். வைத்த பிறகுதான் அடித்தான். கொண்டையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். கன்னத்து எலும்பில் தோல் பிளந்தது. இரண்டாவது தடவை மோதினபோது அவளுக்குச் சத்தம்தான் கேட்டது, வலி அப்புறம் வந்தது.

"போதும்னா. போதும்."

"எத்தனை நாள் வேலை தெரியுமாடி? கட்டைவிரலை வெச்சுட்டியே!"

ஆபீசில் அவனுக்கு இங்கிலீஷ், தெருவில் அழகான கன்னடம். வீட்டிலும் கோபத்திலும் மட்டும் தமிழ். அந்தத் தமிழ் முழுக்க ஸ்வர்ணாவுக்கே வாய்த்தது.

கன்னத்தில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது கேட் உடைந்தது.

ஏழெட்டுப் பேர். முன்னால் வந்தவன் நெற்றியில் பெரிய குங்குமம், தோளில் மஞ்சள் சிவப்புத் துண்டு, கையில் சைக்கிள் செயின். பின்னால் ஒருவன் சீமெண்ணெய் டப்பாவோடு நின்றான். பேச்செல்லாம் கன்னடத்தில்தான்.

"கொடியைக் கட்டிட்டு நடுப்பகல்ல ஜன்னலெல்லாம் மூடிக்கிட்டு என்ன பண்றீங்க? நம்ம ஆளுன்னா எதுக்கு பயம்?"

"தூசிக்காக மூடினது," என்றான் பத்ரிநாத், சுத்தமான கன்னடத்தில். "நாங்க மைசூர்ப் பக்கம். மூணு தலைமுறை."

"மூணு தலைமுறையா! அப்ப இது யாரு வண்டி?" துண்டுக்காரன் மேஜையை நெருங்கினான். "கறுப்பு, சிவப்பு. டேய், பாருங்கடா, தலைவர் இதுல ஏறித்தான் தண்ணி வாங்க வராராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். துண்டுக்காரன் வாலைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதேடா, ஈரம்!"

தமிழ். பளிச்சென்று, வீட்டுத் தமிழ். பத்ரிநாத் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மூணு தலைமுறை," என்றான் துண்டுக்காரன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "ஊத்துடா."

சோபாவில் சீமெண்ணெய் விழுந்தது, அப்புறம் மேஜையடியில் விரித்திருந்த காகிதத்தில். நெடி மூக்கைத் துளைத்தது. ஒருவன் தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான். சுவரோடு சுவராக நின்ற ஸ்வர்ணாவைத் துண்டுக்காரன் அப்போதுதான் கவனித்தான்.

"நீ வெளியே போம்மா. பொம்பளைங்களைத் தொட மாட்டோம்." பக்கத்தில் வந்ததும் நின்றான். "முகத்துல என்ன?"

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எத்தனையோ தரம் சொன்ன வாக்கியம், நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. ஸ்வர்ணா அதை விழுங்கினாள்.

"இவர் அடிச்சார்," என்றாள் கன்னடத்தில். "இப்பத்தான். அந்த விமானத்தைத் தொட்டதுக்கு."

"பொம்மைக்கா?"

"பொம்மைக்குத்தான். வீட்டைக் கொளுத்தினா தெருவுல நிக்கப்போறது நான். இவருக்கு ஆபீஸ் இருக்கு, அண்ணா தம்பி இருக்கா. எனக்கு இந்த நாலு சுவர்தான். அடிக்கணும்னுதானே வந்தேள்? அடிக்கிற ஆளை அடிங்கோ. வீட்டை விடுங்கோ."

"ஸ்வர்ணா!" என்றான் பத்ரிநாத்.

துண்டுக்காரன் முகம் மாறியது. நல்ல காரியம் செய்யக் கிடைத்தவன் முகம். "தீப்பெட்டியை உள்ளே வைடா," என்று சொல்லிவிட்டுச் செயினை ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான்.

முதல் வீச்சு தோளில். பத்ரிநாத் நாற்காலியோடு சரிந்தான். அப்புறம் யார் கால், யார் கை என்று தெரியவில்லை.

"ஐயோ, அம்மா!"

"கன்னடத்துலயே கத்தறான் பாரு," என்றான் ஒருவன்.

"போடா, அது தமிழு."

"எங்க வீட்லயும் அப்படித்தாண்டா கத்துவோம்."

"எதுவா இருந்தா என்ன, ஓங்கிப் போடு."

செயின் முதுகில் விழுந்தது. சட்டை கிழிந்தது, அதன் கீழே தோல் கிழிந்தது. உதட்டிலிருந்து ரத்தம் தரையில் கோடு போட்டது. ஸ்வர்ணா கண்ணை மூடவில்லை. அடி விழுமுன்பே அது எங்கே விழும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்தது, அந்தந்த இடம் தானாகச் சுருங்கியது. போதும் என்ற வார்த்தை வாயில்தான் இருந்தது. அதை அவள் நாக்கால் புரட்டிக்கொண்டு நின்றாள்.

தரையில் விரிந்து கிடந்த வலது கையின் மேல் ஒரு பூட்ஸ் ஏறித் திரும்பியது. பால்ஸா முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"ஸாகு," என்றாள் கன்னடத்தில். "போதும்."

நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும். அவளாலேயே அதை நம்பமுடியவில்லை.

துண்டுக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டே விமானத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். "இந்தாம்மா. நீயே ஒடை."

அவள் வாங்கிக்கொண்டாள். தூக்கித் தரையில் அடிக்க ஒரு நொடி போதும். எல்லோரும் காத்திருந்தார்கள், தரையில் கிடந்தவனும்.

"என் வீட்டுச் சாமான்," என்றாள். "நான் பாத்துக்கறேன். நீங்க போங்கோ."

பின்கட்டு வழியாக ஜானகி ஓடிவந்து, "நீங்கெல்லாம் ஆம்பளைங்களாடா, ஒருத்தனுக்கு இத்தனை பேரா?" என்று கத்தினபோது அவர்கள் அடுத்த சந்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ஊரடங்கு போட்டு, எடுத்து, பஸ்ஸெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகும் பத்ரிநாத்தின் வலது கை மாவுக்கட்டில்தான் இருந்தது. ஸ்வர்ணாவின் கன்னத்தில் ஒரு வடு நின்றுவிட்டது. விமானம் மேஜையிலேயே காய்ந்து கிடந்தது, பந்தய எண் மட்டும் இன்னும் எழுதவில்லை.

"இடது இறக்கையைத் தேச்சு எடுடி. உன் கட்டைவிரல் அப்படியே இருக்கு."

"இருக்கட்டும்."

"அசல்ல அப்படி இல்லை."

"அசல் யாராத்துல இருந்ததோ, யார் கண்டா."

அவன் இடது கையால் மாவுக்கட்டைச் சரிசெய்துகொண்டான். பிறகு, "ஒண்ணு கேக்கறேன். காட்டிக் கொடுத்தே, சரி, வீடு தப்பிச்சுது. போதும்னு சொல்ல ஏண்டி அவ்வளவு நாழி?"

"அந்த வார்த்தைக்கு யாராவது நிறுத்துவான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கேன்."

பத்ரிநாத்தின் இடது கை எழும்பியது. பழக்கமில்லாத கை, பாதியில் தயங்கியது. ஸ்வர்ணா நகர்ந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தட்டி இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். தெரு முழுக்க உள்ளே வந்தது, ஆட்டோ சத்தம், யாரோ பூ விற்கிற குரல், செம்மண் புழுதி. எதிர்வீட்டுக்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

கை மேஜைமேல் இறங்கியது.

"கதவைச் சாத்து," என்றான். "தூசி வரும்."

"வரட்டும்," என்றாள் ஸ்வர்ணா.