முன் சீட்டு

லாய்ட் ஹூக்ஸ்ட்ராவை எனக்குப் பிடிக்காது. முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் நான் ஏதோ மூடி மறைச்சுப் பேசுறேன்னு யாரும் சொல்லக் கூடாது. நல்ல மனுஷன்தான். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு வர்றான், பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துறான், எதிர்ல யார் வந்தாலும் நின்னு நலம் விசாரிக்கிறான். அதனாலதான் பிடிக்கல. கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டாவது நிம்மதியாத் தூங்கலாம்.

பத்தாக்குறைக்கு, என்கிட்ட இருக்கிற அதே கார் அவன்கிட்டயும் இருக்கு. எண்பத்தொண்ணாம் வருஷத்து கேடிலாக் செவில், டீசல் எஞ்சின். மிச்சிகன் பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும் அந்தப் பழைய எஞ்சினோட ஓடுற வண்டி விரல் விட்டு எண்ணுற அளவுதான் மிஞ்சும். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் அதைக் கழட்டிப் போட்டுட்டு பெட்ரோல் எஞ்சினை மாட்டிக்கிட்டாங்க. நான் மாட்டல. ஹெட்டைத் திறந்து, போல்ட்டு மொத்தத்தையும் மாத்தி, டீசல்ல வர்ற தண்ணியைப் பிரிக்க ஒரு டப்பாவைத் தனியா வச்சு, என்ன பாடு பட்டாவது அதை ஓட வச்சுக்கிட்டு வந்தேன். எங்க ஊர் ஸீலண்ட்ல டச்சுக்காரனாப் பொறந்தவன் காசு குடுத்து வாங்கினதைத் தூக்கி எறிய மாட்டான்.

லாய்ட் அவனுதை ஃப்ளோரிடாவுல வாங்கிட்டு வந்தான். சீட்டுத் தோல்ல ஒரு கீறல் கிடையாது. புகையும் கிடையாது. என் வண்டியைக் காலையில கிளப்பினா, பக்கத்து வீட்டுக்காரம்மா கொடியில காயப்போட்ட துணியை அள்ளிக்கிட்டு உள்ள ஓடும். அவன் வண்டி கிளம்பினா ஒரு நாயும் திரும்பிப் பாக்காது. கண்ணு பட்டுடும்னு சொல்வாங்களே, நான் வேணும்னே அந்த வண்டியை உத்து உத்துப் பாத்திருக்கேன். ஒண்ணும் ஆகல.

போன கோடையில ஒரு ஞாயித்துக்கிழமை, பிரசங்கம் முடிஞ்சு எல்லாரும் காபிக் கோப்பையோட நிக்கிறோம். லாய்ட் நேரா என் பெண்டாட்டி வில்மாகிட்ட வந்தான்.

"வில்மா, வருஷா வருஷம் லான்சிங்ல பழைய கார் கண்காட்சிக்குப் போறீங்களே, ஒரு தடவையாவது அந்தக் கார்ல உக்காந்து போயிருக்கீங்களா?"

வில்மா சிரிச்சா. "நான் எங்க உக்கார்றது? பின்னாடில்ல நான் வரணும்."

அது உண்மைதான். எங்க டீசல்காரங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம்னா தனியா கிளம்ப மாட்டோம். பின்னாடியே ஒரு பிக்கப் வண்டி வரும். அதுல ஃபில்டர், டீசல் கேன், கட்டி இழுக்கிற பட்டை, எல்லாம் இருக்கும். பின்னாடி வர்றவங்க நம்ம புகையைப் பாத்துக்கிட்டே வரணும். கறுப்பா வந்தா ஒரு தடவை விளக்கைப் போட்டுக் காட்டணும், வெள்ளையா வந்தா விடாமப் போட்டுக் காட்டணும். நடுவுல பங்க்குல நின்னா நாங்க எஞ்சினை அணைக்கிறதில்ல. சூடா இருக்கிறப்ப அணைச்சா மறுபடி உயிர் வருமோ வராதோ, அந்தப் பயம். ஓட்டுறவன் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான், பின்னாடி வந்தவங்கதான் இறங்கி டீசல் போடுவாங்க. எனக்கு இருபது வருஷத்துக்கு மேல வில்மாதான் பின்னாடி வந்தா. பாத்தவங்கல்லாம் குடுத்து வச்சவன்னு என்னைச் சொல்வாங்க. நானும் ஆமாம்பேன்.

"இந்த வருஷம் என் கூட வாங்களேன்" அப்படின்னான் லாய்ட். "முன் சீட்டு காலியாத்தான் கிடக்கு. பிக்கப் எல்லாம் எதுக்கு? வழியில நின்னா ஒரு போன் போட்டா இழுவை வண்டி வந்துடப் போகுது."

"அவ வர மாட்டா" அப்படின்னேன்.

"ஏன்? வர்றேனே" அப்படின்னா வில்மா.

பக்கத்துல நின்ன பாஸ்டர், வானத்துல என்னமோ பறக்கிற மாதிரி மேல பாத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சாப்பாட்டு மேஜையில ஒரு ஆட்டம் ஆடினேன்.

"ஊரே பாக்க அவன் கூப்பிடுறான், நீயும் பல்லைக் காட்டிக்கிட்டு வர்றேங்கிற! வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? கார்லதானே கூப்பிட்டான், கல்யாணத்துக்கா கூப்பிட்டான்?"

"நம்ம வீட்டுலயே அதே கார் இருக்கே!"

"இருக்கு. அதோட நம்பர் பிளேட்டு எனக்கு மனப்பாடம். லான்சிங் ரோடு எப்படி இருக்கும்னு கேளு, தெரியாது. இத்தனை வருஷமா உன் வண்டிப் பின்பக்கமும் புகையும்தான் பாத்திருக்கேன்."

அந்த இடத்துலதான் நான் புத்தியில்லாம ஒரு வார்த்தையை விட்டேன். "நீ அவன் கூடப் போயிட்டா என் பின்னாடி யாரு வருவா?"

வில்மா பட்டாணி சூப்பைக் கலக்கிக்கிட்டிருந்தா. கரண்டியை அப்படியே வச்சுட்டு என்னைப் பாத்தா. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்ல. சும்மா பாத்தா. "அதையும் நீதான் யோசிக்கணும் கார்னி" அப்படின்னுட்டு சூப்பை ஊத்தினா.

எனக்கு யாரும் வேண்டாம்னு வீம்பு பிடிச்சேன். ஃபில்டரையும் பட்டையையும் டிக்கியில திணிச்சேன். சனிக்கிழமை காலையில லாய்ட் வந்து எங்க வாசல்ல நின்னான், நீலச் சட்டை போட்டுக்கிட்டு. இறங்கி வந்து அவளுக்குக் கதவைத் திறந்து விட்டான். நான் என் வண்டியில உக்காந்து அந்த 'காத்திரு' விளக்கு எப்ப அணையும்னு பாத்துக்கிட்டிருந்தேன். எஞ்சின் சூடேறினாத்தான் அது அணையும், அதுக்குள்ள எனக்கு மண்டை சூடேறிடுச்சு. வில்மா சர்ச்சுக்குப் போடுற அந்த மஞ்சள் உடுப்பைப் போட்டிருந்தா. என் கூடக் கண்காட்சிக்கு வர்றப்பல்லாம் பழைய ஜீன்ஸும் கையில கிரீஸ் துணியும்தான்.

கிளம்பினோம். அவங்க முன்னாடி, நான் பின்னாடி.

முன்னாடி போற வண்டியில ரெண்டு தலை தெரியுது. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷன் அதை எத்தனை மைல் பாக்க முடியும்? அவன் என்னமோ சொல்றான், இவ தலையை ஆட்டுறா. இவ என்னமோ சொல்றா, அவன் தோள் குலுங்குது. என்கிட்ட அவ கடைசியாச் சிரிக்கிற மாதிரி எப்ப என்ன சொன்னான்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. அப்புறம்தான் உறைச்சுது, அவ சொல்லித்தான் இருப்பா, நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

ஊரைத் தாண்டி ஒரு சிக்னல்ல நான் அவங்க பக்கத்துல நின்னப்ப, வில்மா கைப்பையைத் திறந்தா. ஒரு வெள்ளைப் பெப்பர்மிண்ட்டை எடுத்து அவன் கையில வச்சா. எங்க ஊர் சர்ச்சுல பிரசங்கம் நீண்டுக்கிட்டே போறப்ப, பெண்டாட்டி புருஷனுக்குத் தள்ளி விடுற பெப்பர்மிண்ட் அது. முப்பது வருஷமா அது எனக்கு வர்ற பெப்பர்மிண்ட். அவன் அதை வாயில போட்டுக்கிட்டான். எனக்கு அடிவயித்துலேர்ந்து நெருப்பு பிடிச்ச மாதிரி எரிஞ்சது. ஸ்டீரிங்கை நான் பிடிச்ச பிடியில அது ரெண்டா முறியாததுதான் ஆச்சரியம்.

பாதி வழியில லாய்ட் ஒரு பங்க்குல திருப்பினான். காபி குடிக்கவாம். நானும் போய் நிறுத்தினேன். வழக்கப்படி எஞ்சினை அணைக்காம உக்காந்திருந்தேன். யாராவது இறங்கி டீசல் போடுவாங்கன்னு கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், பாருங்க! பின்னாடி யாரும் இல்லைன்னு புரிஞ்சதும் எனக்கே என் மேல கடுப்பு. இறங்கினேன்.

கடைக் கண்ணாடி வழியா ரெண்டு பேரும் தெரியுறாங்க. வரிசையில நிக்கிறாங்க. லாய்ட் ஒரு டோனட்டைக் காட்டி என்னமோ கேக்குறான், வில்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. அவனும் சிரிக்கிறான். நான் அந்தப் பக்கத்துலேர்ந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி, பச்சைக் கைப்பிடியை உருவி, டாங்க்குல சொருகி அழுத்தினேன்.

இங்க ஒரு விஷயம். எங்க ஊர்ப்பக்கம் டீசல் குழாய்க்குப் பச்சைக் கைப்பிடி. ஆனா சில பங்க்குல அது தலைகீழ்: பெட்ரோல்தான் பச்சை, டீசல் கறுப்பு. பச்சையைப் பாத்து மோசம் போகாதீங்கடான்னு எங்க டீசல் கார் க்ளப்புல புதுசா சேர்றவன் ஒவ்வொருத்தனையும் நிறுத்தி வச்சுப் பாடம் எடுக்கிறது யாரு? நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்!

மூக்குக்கு வாசனை ஏறினப்ப டாங்க்கு பாதிக்கு மேல நிறைஞ்சிருந்தது. டீசல் வாசனை இல்ல அது. கீழ பாத்தேன். எஞ்சின் வேற ஓடிக்கிட்டிருக்கு. குழாயில மிச்சமிருக்கிற பழைய டீசலைக் குடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் பெட்ரோல் போய் பம்ப்பைத் தொட்டுதோ, அவ்வளவுதான். உள்ள எண்ணெய்ப் பசையே இல்லாம அரைச்சுத் தின்னுடும். மூணு அடி எடுத்து வச்சு சாவியைத் திருப்பணும், அதான் செய்ய வேண்டிய வேலை.

நான் திருப்பல. சொன்னா நம்ப மாட்டீங்க, குழாயை எடுத்து மாட்டிட்டு உள்ள ஏறி உக்காந்து கியர் மேல கையை வச்சேன். அணைச்சா வண்டி இங்கயே கிடக்கும். லாய்ட் வந்து எட்டிப் பாப்பான், "அடடா, கார்னி" அப்படின்னு இரக்கப்படுவான். அப்புறம் வில்மாவை ஏத்திக்கிட்டுப் போயிடுவான், நான் இங்க ஆப்பசைத்த குரங்கு மாதிரி உக்காந்திருப்பேன். எஞ்சின் செத்தாலும் பரவாயில்ல, போற வரைக்கும் அவங்க பின்னாடியே போயிடணும்னு தோணிச்சு. இத்தனை வருஷம் குழந்தை மாதிரிப் பாத்த எஞ்சினை, ரெண்டு தலைக்காகச் சாகடிக்கத் துணிஞ்சேன்.

ஜன்னல் வழியா ஒரு கை உள்ள வந்துச்சு. மஞ்சள் உடுப்போட கை. சாவியைத் திருப்பி உருவிடுச்சு. எஞ்சின் ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுது.

"கண்ணு எங்க இருந்துச்சு?" அப்படின்னா வில்மா. காபியும் டோனட்டும் வண்டிக் கூரை மேல இருந்துச்சு. "கடைக்குள்ளேர்ந்தே பாத்தேன், நீ பச்சையைச் சொருகி வச்சிருக்கிறதை. நான் ஓடி வர்றதுக்குள்ள உள்ள ஏறிட்டே. வாசனை தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா? தெரிஞ்சுமா கியர்ல கை வச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில வரல. லாய்ட் ரெண்டு அடி தள்ளி நின்னு, பாவம், தன் ஷூவையே பாத்துக்கிட்டிருந்தான்.

"போகாத வில்மா" அப்படின்னேன்.

"எங்க?"

"அவன் வண்டியில. எனக்குப் பிடிக்கல. அவன் பக்கத்துல உக்காந்து நீ சிரிக்கிறது பிடிக்கல. அந்தப் பெப்பர்மிண்ட்டைக் குடுத்தியே, அது சுத்தமாப் பிடிக்கல. வயிறு எரியுது எனக்கு."

"என்னாலயா?" அப்படின்னா. குரல் ஒரு மாதிரி இறங்கிடுச்சு. "நான் இவ்வளவு நாளும் உனக்கு எரியுறதெல்லாம் அவன் எஞ்சினைப் பாத்துன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுவும்தான். ஆனா கியர்ல கை வச்சது அதுக்கில்ல."

அவ என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டா. இனி திரும்பிடுவான்னு நினைச்சேன். இழுவை வண்டியைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமா அதுல ஏறி, வீட்டுக்குப் போயிடலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

"பங்க்குக்காரன்கிட்ட சொல்லி வண்டியை ஓரமாத் தள்ளிடு" அப்படின்னா. "திங்கக்கிழமை வந்து டாங்க்கை வடிச்சுக்கலாம், பம்ப்புக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கண்காட்சிக்கு நேரமாகுது. நீயும் வா."

"எதுல?"

"லாய்ட் வண்டியிலதான். பின் சீட்டு காலியாத்தானே இருக்கு."

"அப்ப நீயும் பின்னாடி..."

"நான் முன்னாடி. என்னைக் கூப்பிட்டது அந்தச் சீட்டுக்கு" அப்படின்னுட்டு, கூரை மேலேர்ந்து டோனட்டை எடுத்து என் கையில குடுத்துட்டு நடந்தா.

நானும் லாய்டும் சேந்து வண்டியைக் காத்துப் பம்ப்புப் பக்கம் தள்ளினோம். நல்லாத்தான் தள்ளினான், மூச்சு கூட வாங்கல, அதுவும் எனக்குப் பிடிக்கல. தன் வண்டிப் பின்கதவைத் திறந்து விட்டான். ஏறினேன். முட்டி ரெண்டும் முன் சீட்டு முதுகுல இடிச்சுது. கிளம்பி ஹைவேயில ஏறினதும் கண்ணுக்கு முன்னாடி அதே ரெண்டு தலை, இப்ப கைக்கு எட்டுற தூரத்துல. ரோடு எதுவும் தெரியல. வில்மா கண்ணாடியை இறக்கி விட்டா. இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாருன்னு வழி நெடுக லாய்டுக்குக் காட்டிக்கிட்டே வந்தா. எனக்கு எரிஞ்சது எரிஞ்சபடியேதான் இருந்துச்சு.

லாய்ட் கண்ணாடியில என்னைப் பாத்தான். "பின்னாடி வசதியா இருக்கா கார்னி?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வில்மா பதில் சொல்லிட்டா, திரும்பிக் கூடப் பாக்காம.

"பழகிடும் லாய்ட். எனக்குப் பழகலையா?"