இரும்பில் வைத்த காது

சனியன் பிடித்த குளிர். மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. நேற்று திங்கட்கிழமை டிராக்டர் கிளம்ப மறுத்துவிட்டது. அது கிளம்பாமல் பாதையில் குவிந்த பனியைத் தள்ள முடியாது. பனியைத் தள்ளாமல் புருஷன் வசிலை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அதில் ஒரு நாள் போயே போய்விட்டது. புதன்கிழமையும் தவறினால் என்ன ஆகும் என்பதை நர்ஸ் ஒளிக்காமலே சொல்லியிருந்தாள்.

ஒலெஸ்யாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கொட்டகையில் மத்தியானம் முதல் எஞ்சினோடு மல்லுக்கட்டினாள். எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவத்தை வடித்தாள். எஞ்சின் பக்கவாட்டில் இருந்த வட்டத் தகட்டைத் தட்டிப் பெயர்த்தாள். உறைந்த எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்புவதற்கான ஹீட்டரை அந்த ஓட்டையில் செருகித் திருகினாள். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று நாலு தடவை தடவிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்தது, போட்டால் திருகு பிடிபடவில்லை. கூலன்டை மறுபடி நிரப்பிய பிறகுதான் ஒயரைச் சொருகினாள். காய்ந்த ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் கருகிவிடும் என்பது அந்த வட்டாரப் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரியும்.

சொருகியதும் இரும்பில் காதை வைக்க வேண்டும். உலை கொதிக்கத் தொடங்குவதுபோல் ஒரு முனகல் கேட்டால் வேலை முடிந்தது.

பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

"போச்சு! கெடுத்துட்டேன்!" என்று வாய்விட்டே கத்தினாள். எங்கே தப்பு? உள்ளே காற்று அடைத்துக் கருகிவிட்டதா? கடைசியில் கை விளக்கை அதே பிளக்கில் சொருகிப் பார்த்தாள். அதுவும் எரியவில்லை.

கொட்டகைக் கரண்டுக்குச் சுவிட்ச் வீட்டு வாசலுக்குள், கோட்டு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடினாள். சுவிட்ச் அணைந்திருந்தது. மேஜையில் வசில் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

"யோவ் வசில், இதை அணைச்சது யாரு?"

"கரண்ட் பில் ஏறுதுல்ல."

"ராத்திரி பூரா வாசல் விளக்கை எரிய விடுற ஆளு நீ. எங்கிட்டயே கதை அளக்குறியா?"

அவன் சீட்டைக் கீழே வைத்தான்.

"எனக்குப் போதும் ஒலெஸ்யா. அந்த நாற்காலி, அந்த ஊசி... டிராக்டர் கிளம்பலைன்னா பழி பனி மேல போயிடும்னு பாத்தேன்."

"பனி மேலயா? என் மேலய்யா, பாவி! நான் சரியா மாட்டலை, நான்தான் கொன்னுட்டேன்னு சாகுற வரைக்கும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கிடப்பேனே!" அவளுக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

வசில் அவளுடைய எண்ணெய் படிந்த, வெடித்த விரல்களையே பார்த்தான்.

"அது எனக்குத் தோணவே இல்ல," என்றான்.

எழுந்து தானே சுவிட்சைப் போட்டான். கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி கொட்டகைக்கு நடந்தான். எஞ்சினில் காதை வைத்தான்.

"முனகுது," என்றான். "நாளைக்கு வரேன். ஆனா ஒரு நாள் இதைப் பத்தி உக்காந்து பேசணும்."

"பேசலாம்," என்றாள் ஒலெஸ்யா. "முதல்ல காதை எடு, இந்தக் குளிருல இரும்போட ஒட்டிக்கும்."